அடங்காமையும் மறுமாற்றமும்

சொல்லென்பது பொருளை உணர்த்துவதோடு அமைவதன்று. அதனைச் சொல்லுவோன் எவ்விடத்தே நின்று சொல்லுகின்றான் என்பதையும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஆணைக்கு இணங்காமையைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொற்களில் இவ்வியல்பு பிறவற்றினும் மிகுதியாய் விளங்குகின்றது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்பதற்கு முன்னரே ஓர் அறிவிப்புப் பலகையிற் கற்றோம்.

பள்ளிப் பருவத்தில் யாம் ஒரு மாணவர் விடுதியில் தங்கிப் பயின்றோம். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் ஈண்டு வேண்டா. ஒரு கோடையில் ஒன்பது நாள் தொடர்ந்து குளிப்பதற்கு நீரில்லை. மேற்பார்வையாளரிடம் இருமுறை முறையிட்டும் பயன் விளையவில்லை. ஆதலின் மாணவர் பன்னிருவர் ஒரு தாளில் விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு, மாலைப் படிப்பிற்கு மணியடித்த பின்னரும் படிப்பறைக்குச் செல்லாது, அவரது அறைவாயிலில் அரைமணி நேரம் வாய்திறவாமல் நின்றோம். கல்லெறிந்தார் இல்லை; கூவினாரும் இல்லை. மறுநாட் காலை அறிவிப்புப் பலகையில் ‘கலகம் விளைத்த மாணவர்’ என்ற தலைப்பின்கீழ்ப் பன்னிரண்டு பெயர்கள் காணப்பட்டன. ஏழாவது பெயர் எம்முடையது. ஊரிலிருந்து அழைக்கப்பட்டு வந்த தந்தையர், ‘பிள்ளைகள் அறியாது செய்த பிழை’ என்று கைகூப்பினர். யாம் விண்ணப்பம் என்றோம். மேற்பார்வையாளர் கலகம் என்றார். தந்தையர் பிழை என்றனர். நின்ற நிலை ஒன்றே; பெயர்கள் மூன்றாயின. அதன்மேல் நிகழ்ந்ததைப் பின்னர்ச் சொல்லுவோம்.

கலகம் என்பது வடமொழியினின்று வந்த சொல். சண்டை, சச்சரவு என்பதே அதன் பழம்பொருள். நாரதர் மூட்டுவது கலகம். வேலியைப் பற்றி அடுத்த வீட்டாரோடு விளைவதும் கலகம். சண்டையென்றால் இருதிறத்தார் வேண்டும். பழியிலும் இருதிறத்தாருக்கும் பங்குண்டு. அரசாங்கத்தார் இச்சொல்லை எடுத்தாளத் தொடங்கிய பின்னரோ, ஒரு திறத்தார் மறைந்துபோயினர். கலகக்காரர் மட்டுமே எஞ்சினர். 1806 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்க. புதுவகைத் தலைப்பாகை அணிதல் வேண்டும், நெற்றிக்குறியும் தாடியும் கூடா என்று கும்பினியார் பிறப்பித்த ஆணை, சிப்பாய்கள் எழுந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று. அன்றைக்கே ஆர்க்காட்டினின்று வந்த குதிரைப்படை அவர்களை அடக்கி அழித்தது. பல தலைமுறை மாணவர் இதனைச் ‘சிப்பாய்க் கலகம்’ என்று படித்துத் தேர்வெழுதினர்; இக்காலத்து மாணவர் ‘வேலூர்ப் புரட்சி’ என்று படித்துத் தேர்வெழுதுகின்றனர். 1857 இல் வடநாட்டில் நிகழ்ந்ததற்கும் அவ்வாறே இரு பெயர்கள். ஆங்கிலேயர் அதனைச் சிப்பாய்க் கலகமென்று எழுதி வைக்க, 1909 இல் வெளிவந்த தம் நூலில் சாவர்க்கர் அதனைச் சுதந்திரப் போர் என்றார். மாண்டவர் தொகை மாறவில்லை. பெயரிடும் கை மாறிற்று.

அரசரையும் படையையும் விட்டு வீட்டிற்கும் வயலுக்கும் வருவோம். ‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகின்றோம். படிதலாவது அடியிலே தங்குதல். கலங்கிய நீரில் மண் படிவது போல. காளையை நுகத்திற்குப் பழக்குவோரும் ‘மாடு படிந்தது’ என்பர். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி, கோல் பிடித்த கையின் மொழியேயன்றி மாட்டின் மொழியன்று. படியாத மாட்டிற்குச் சண்டி என்று பெயர். ஏரிற் பூட்டியவுடன் படுத்துக்கொள்ளும் மாடு சண்டிமாடு. அது முட்டுவதில்லை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதுமில்லை, எழுவதில்லை, அவ்வளவே. அதனினின்று பிறந்த ‘சண்டித்தனம்’ என்பதைப் பிள்ளைகள்மேலும் வேலையாட்கள்மேலும் கூசாமல் ஏற்றுகின்றோம். மாட்டின் கழுத்திற் புண்ணுண்டோ என்று அச்சொல் கேட்பதில்லை.

இதனினும் உற்றுநோக்கத்தக்கது ‘கொழுப்பு’ என்னும் சொல். கூலியை உயர்த்திக் கேட்ட ஆளுக்குச் சோற்றுக்கொழுப்பு என்பது பண்ணைவீட்டு வசை. எதிர்த்துப் பேசினவனுக்கு வாய்க்கொழுப்பு. வயிறார உண்டான் என்பதே அவன்மேற் சாட்டிய குற்றம் போலும்! அரைவயிற்றோடு இருந்தவரையில் அவன் நல்ல ஆள். ‘திமிர்’ என்பது இத்துணைக் கொடியதன்று. பணத்திமிர், பதவித்திமிர் என்று மேலோர்மேலும் அது பாய்வதுண்டு. ஆதலின் அதன்மேல் முழுப்பழியையும் சுமத்துதல் நேர்மையாகாது. கொழுப்பு என்பதோ பெரும்பாலும் மேட்டினின்று பள்ளம் நோக்கியே ஓடும் சொல். பெண்டிர்க்கெனத் தனிச்சொல்லே உண்டு; அடங்காப்பிடாரி என்பது அது. பிடாரி ஊரைக் காக்கும் தெய்வம். கோயிலில் அவளுக்குப் பொங்கலிடுவோர் வீட்டிலே அவள் பெயரை வசையாக வழங்குகின்றனர். ஆண்பாலில் இதற்கு ஈடான சொல்லை யாம் தேடிப் பார்த்தோம், கிடைத்திலது. அடங்காத ஆண்மகனைச் சிங்கம் என்று அழைப்பதே பெருவழக்கு.

சிங்கத்தோடு ஒரு முடியையும் நோக்குவோம். எவர்க்கும் தலைவணங்காத வேந்தனை ‘வணங்காமுடி’ என்று கூத்திலும் கதையிலும் சிறப்பித்துக் கூறுவர். துரியோதனனுக்கு அப்பெயர் வழங்குதல் யாவரும் அறிந்தது. இனி, தமிழ் விவிலியத்தைப் புரட்டுவோர் ‘வணங்காக் கழுத்து’ என்னும் தொடரைக் காண்பர். ‘முரட்டாட்டம்’ என்னும் வலிய சொல்லையும் காண்பர். வனாந்தரத்தில் முறுமுறுத்த மக்களைக் கடிந்துரைக்கும் இடத்து வரும் சொற்கள் அவை. அங்குக் கடியப்படுவது கடவுளின் ஆணைக்கு இணங்காமையாதலின் அச்சொற்கள் அவ்விடத்திற்குப் பொருந்துவனவே. ஆயின் அவ்விடத்தினின்று அவற்றைப் பெயர்த்தெடுத்து, மனிதர் மனிதர்க்கிடும் ஆணைகளுக்கு ஏற்றுவோரும் உளர். அன்னார், ஆலோசனைச் சங்கத்தார்முன் பேதுரு சொல்லிய விடையையும் அதே நூலிற் படித்திருத்தல் வேண்டும். நிற்க. வணங்காத முடி புகழாகவும் வணங்காத கழுத்து வசையாகவும் ஆனது எங்ஙனம்? வளையாமை இரண்டிற்கும் பொது. ஒன்றன்மேல் மகுடம் இருக்கின்றது, மற்றொன்றன்மேல் இல்லை. வேறு வேற்றுமை எமக்குப் புலப்படவில்லை.

இதுகாறும் காட்டியவை ஆணையிடுவோர் பக்கத்தினின்று பிறந்த சொற்கள். அற்றேல், மறுத்தோர் பக்கம் நின்று வகுத்த சொல் தமிழில் இல்லையோ எனின், உண்டு. அவை எதிர்ப்பு என்னும் பெயரோடு இராமையால் நம் கண்ணிற் படுவதில்லை.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியினிடம் சென்று வரியைப் பற்றிப் பாடினார். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறிய நிலமும் யானைக்குப் பன்னாளைக்கு உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தாலோ அதன் வாயிற் புகுவதினும் காலில் மிதிபடுவது மிகுதி என்பது அப்பாட்டின் கருத்து. அறியாத அரசனை வயலிற் புகுந்த யானைக்கு ஒப்பிட்டுக் கூறுதல் எளிய செயலன்று. புறநானூற்றைத் தொகுத்தோர் இதற்கு இட்ட துறைப்பெயர் யாது? செவியறிவுறூஉ. செவியில் அறிவுறுத்தல் என்பது பொருள். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடி நிலவரிக் கடனை நீக்கிக்கொண்ட பாட்டிற்கும் அத்துறையே. முரட்டாட்டம் என்றோ கொழுப்பு என்றோ ஒருவரும் எழுதி வைத்திலர்.

கண்ணகியின் செயலை நினைக்க. ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி, தலைவிரி கோலமாய்ப் பாண்டியன் அவையிற் புகுந்து, அவன் அரசனே அல்லன் என்னும்படி பேசிய பெண்ணின் கதையை எழுதிய இளங்கோவடிகள், அப்பகுதிக்குச் சினங்காட்டு காதை என்றோ எதிர்த்த காதை என்றோ பெயரிட்டிலர். வழக்குரை காதை என்றார். வழக்கென்றால் சான்று வேண்டும். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பது சான்று. வழக்கென்றால் எதிரியும் விடையிறுத்தல் வேண்டும். பாண்டியன் விடையிறுத்தான், தோற்றான், உயிர்விட்டான். ஒரே சொல்லால் அடிகள் அரசனைக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

மூன்றாவது சான்று திருநாவுக்கரசர். பல்லவனுடைய ஆட்கள் அழைக்க வந்தபோது அவர் பாடிய பதிகத்தின் பொருள், தாம் எவர்க்கும் குடியல்லர் என்பது. அரசனது ஆளுகையையே மறுக்கும் அப்பதிகத்தை வழிவழியாக ‘மறுமாற்றத் திருத்தாண்டகம்’ என்று வழங்குகின்றனர். மாற்றம் என்பது சொல். மறுமாற்றம் என்பது விடைச்சொல். ஒருவர் அழைப்புச் சொல்லோடு வந்தார். மற்றவர் மறுசொல் சொல்லியனுப்பினார். ஆணையையும் மறுப்பையும் ஒரே தட்டில் நிறுத்தும் இப்பெயரைப் போன்ற நடுநிலையான பெயரை வேறிடத்து யாம் கண்டதில்லை.

செவியறிவுறூஉ, வழக்குரை, மறுமாற்றம் என்னும் இம்மூன்றும் பேச்சின் பெயர்கள் என்பதை அன்பர்கள் கருதுதல் வேண்டும். அடங்காமை, படியாமை, வணங்காமை என்பன இன்னது இல்லை என்று மட்டும் சொல்லி, மறுத்தவன் யாது சொன்னான் என்பதை விழுங்கிவிடுவன. முன்னவையோ அவன் வாயினின்று புறப்பட்டதைக் கேட்டு வைத்தவை. எம்முடைய கருத்து முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கும்.

ஆமை என்னும் எதிர்மறை ஈற்றின்மேல் எமக்குப் பகையில்லை. வள்ளுவனார் வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை என்று அதிகாரம் அதிகாரமாக அவ்வீற்றால் அறங்களுக்கே பெயரிட்டிருக்கின்றார். கல்லாமை என்று குற்றத்திற்கும் அதனை இட்டார். அடக்கமுடைமையை விரித்து அடங்காமையை இகழ்ந்தார். எனினும் ஒன்றைச் செய்யாது நிற்றலும் ஓர் அறச்செயல் ஆகலாம் என்பதைத் தமிழர் காதிற் பதியவைத்தவர் அவரே. 1920 இல் ‘ஒத்துழையாமை’ என்னும் புதுச்சொல் நாடெங்கும் பரவியபோது எந்தச் சிற்றூரானுக்கும் அஃது அயற்சொல்லாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் துணிபு. ஒத்து உழையாமை, உடன்சேர்ந்து பாடுபடாமை. சண்டிமாடு செய்வதை மனிதர் அறிவோடும் முன்னறிவிப்போடும் செய்தனர்.

பெயரைத் தாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர் காந்தியடிகள். டிரான்ஸ்வாலில் ஆசியர் யாவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1906 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் ஜொகானஸ்பர்க்கில் இந்தியர் கூடி உறுதி பூண்டனர். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய பெயர், வலியற்றோர் வேறு வழியின்றிக் கைக்கொள்ளும் எதிர்ப்பு என்று பொருள் கொள்ள இடந்தந்தது. அதனை விரும்பாத அடிகள், நல்லதொரு பெயர் தருவோர்க்குப் பரிசளிப்பதாகத் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அறிவித்தார். மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று எழுதியனுப்ப, அடிகள் அதனைச் ‘சத்தியாக்கிரகம்’ என்று திருத்தினார். போராட்டத்திற்கு நடுவே ஒரு சொல்லுக்காகப் பரிசு வைத்தவர் உலகில் எத்துணையர்! அப்போராட்டத்திற் சிறைபுகுந்து நோயுற்று, 1914 ஆம் ஆண்டு பிப்ரவரி 22 ஆம் நாள் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. அச்சொல்லின் விலையில் தமிழர் செலுத்திய பங்கு சிறிதன்று.

இதனோடு ஒட்டி வைத்துக் காணத்தக்கது ‘சட்டமறுப்பு’. சட்டத்தை மீறுதல் வேறு, மறுத்தல் வேறு. மீறுவோன் இருளில் மீறுகின்றான். மறுப்போன் முன்கூட்டியே சொல்லிவிட்டு மறுக்கின்றான். உப்புச் சட்டத்தை உடைக்கப் போவதாக 1930 மார்ச் 2 ஆம் நாள் அரசப் பிரதிநிதிக்குக் காந்தியடிகள் கடிதமே எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 13 இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டோரும் பலரறியவே நடந்து வேதாரணியம் சென்று, ஏப்ரல் 30 இல் உப்பை அள்ளினர். திருடச் செல்வோன் நூற்றைம்பது கல் தொலைவு பாட்டுப் பாடிக்கொண்டு செல்வதில்லை. ‘மறு’ என்னும் பகுதி மறுமாற்றத்தினின்று சட்டமறுப்பிற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்து வந்திருத்தல் எமக்கு மகிழ்ச்சி தருவது.

ஈண்டு நண்பர் ஒருவர் எம்மை மறித்துக் கேட்டார்: ‘பேருந்தின் கண்ணாடியை உடைப்போனும் நாளை மறுமாற்றம் சொன்னேன் என்பானே?’ என்று. என்னட்டும். முகத்திற்கு நேரே யாது சொன்னான், சொல்லிய பின் விளைவைச் சுமக்க அவ்விடத்தே நின்றானா என்று இரண்டே வினாக்கள் கேட்டால் போதும். கல் பேசாது, எறிந்தவனும் நிற்கமாட்டான்.

மறித்தல் என்றவுடன் நினைவிற்கு வருவது மறியல். 1921 இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடைகளின்முன் நின்று செய்தது மறியல். இன்று சாலையில் அமர்வதும் மறியலே. கடல்கடந்து இலங்கைக்குச் சென்றாலோ மறியல் என்பது சிறைக்காவல். நீதிமன்றம் ஒருவரை ‘விளக்கமறியலில்’ வைத்தது என்று அங்கே நாளிதழ்கள் எழுதுகின்றன. இக்கரையில் மக்கள் அரசைத் தடுப்பது மறியல். அக்கரையில் அரசு மக்களைத் தடுத்து வைப்பது மறியல். சொல் ஒன்று, தடுக்கும் கை வேறு.

‘புரட்சி’யைப் பற்றி மிக எழுத வேண்டா. திரள் திரட்சியாவது போலப் புரள் புரட்சியாயிற்று. கீழது மேலாதல் என்பது பொருள். அதற்கு உடன்பிறந்த ‘புரட்டு’ என்பது பொய்யைக் குறிக்கும். ஆட்சிக் கட்டிலில் வீற்றிருந்தோருக்கும் வெள்ளித்திரையில் நடித்தோருக்கும் புரட்சி என்பது அடைமொழியாகிவிட்ட நாட்டில், உடன்பிறப்பிற்கும் இதற்கும் உள்ள தொலைவு நாளுக்கு நாள் குறுகி வருகின்றது. 2017 ஜனவரியில் ஏறுதழுவலுக்காகச் சென்னைக் கடற்கரையில் மாணவர் திரண்டபோது, அறவழிப் போராட்டம் என்றும் தைப்புரட்சி என்றும் யாவரும் வாழ்த்தினர். அவர்களைக் கலைத்த நாளிலோ, சமூக விரோதிகள் புகுந்துவிட்டனர் என்னும் சொல் அதிகாரிகள் வாயிற் பிறந்தது. ஒரு கிழமைக்குள் அம்மணல்மேல் நின்றோர் பெற்ற பெயர்கள் அத்தனை.

அச்சந்தரும் மாற்றம் ஒன்று உண்டு. 1870 இல் குற்றச் சட்டத்திற் புகுத்தப்பட்ட 124அ பிரிவை அக்காலத்துத் தமிழில் ‘இராஜத்துரோகம்’ என்றனர். 1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களை அதன்கீழ்த் தண்டித்தபோது அச்சொல் ஒருவகையில் உண்மையே பேசிற்று. அரசனுக்குத்தான் துரோகம், நாட்டிற்கன்று என்பது கேட்டோர்க்கெல்லாம் விளங்கிற்று. அரசன் போன பின்னர் அதே பிரிவிற்கு நாளிதழ்கள் ‘தேசத்துரோகம்’ என்று எழுதலாயின. ஆட்சியாளரைக் குறைகூறியவன் நாட்டையே காட்டிக் கொடுத்தவனாயினான். குற்றத்தைப் பன்மடங்கு பெருக்கியது மொழிபெயர்ப்பு. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தொகுப்பில் அப்பெயர் இல்லை. ஆயினும் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் ஊறு செய்தல் என்னும் 152 ஆம் பிரிவு இருக்கின்றது. அதற்குத் தமிழர் என்ன பெயர் வழங்கப் போகின்றனர் என்பதில், இதழ் நடத்துவோர்க்கும் நம்போன்ற மாணவர்க்கும் பொறுப்புண்டு.

இனி, விடுதிக்கு மீள்வோம். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் ஒரு தாளை எழுதி மேசைமேல் வைத்து, கையொப்பமிடுவோர் விடுதியில் இருக்கலாம் என்றார். ‘யாங்கள் செய்த கலகத்திற்கு வருந்துகின்றோம்’ என்பது அத்தாளின் வாசகம். பதினொருவர் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்று ஒப்பமிட்டனர். பன்னிரண்டாமவன் தாளைப் படித்துவிட்டு, ‘ஐயா, மணியடித்த பின் நின்றது தவறு, அதற்கு வருந்துகின்றேன் என்று எழுதித் தருகின்றேன். கலகம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்’ என்றான். குரலை உயர்த்தாமலே சொன்னான். அவர் அடிக்கவில்லை, அவனும் எழுதவில்லை. அன்று மாலையே தகரப் பெட்டியைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு சென்றான். அந்த ஆண்டு முடியுமட்டும் நாள்தோறும் ஒன்பது மைல் வந்து ஒன்பது மைல் மீண்டு பள்ளியிற் பயின்றான். மழைநாட்களில் நனைந்த சட்டையோடு கடைசி வாங்கில் அமர்வான். குழாயில் நீர் வந்துவிட்டதா என்று எம்மை ஒருநாள் கேட்டான், வந்துவிட்டது என்றோம்.

ஒப்பமிட்ட பதினொருவருள் யாமும் ஒருவர்.